பற்றறிக் கொம்பிரசரும் மாரிக் காற்றும்: எயார் ரைபிளுக்குக் காற்று நிரப்புகிறவர்களுக்கு

வாவிக்கரை (மட்டக்களப்பு)

வணக்கம். மட்டக்களப்பில் பாடசாலைப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு 10 மீற்றர் எயார் ரைபிள் பழக்குகிறேன். கிளப் பெயரில் முறையான அனுமதியோடு மூன்று ரைபிள்கள் இருக்கின்றன. மூன்றும் சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்துச் சுடும் வகை. குழலுக்குக் கீழே ஒரு சின்னச் சிலிண்டர், 200 பார் வரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல 200 மடங்கு வரை நிரப்பலாம். அந்தக் காற்றுக்காக இரண்டு வருடம் பட்ட பாட்டையும், போன ஐப்பசியில் வாங்கிய பற்றறிக் கொம்பிரசர் (காற்றை அழுத்தி அடைக்கும் மெஷின்) எதில் உதவியது, எதில் கைவிட்டது என்பதையும் எழுதி வைக்கிறேன். கிழக்கில் இதே வேலை பார்க்கிறவர்கள் இருந்தால் பிழைகளைத் திருத்துங்கள்.

முன்பு பாசிக்குடாப் பக்கம் போய்க் காற்று எடுத்து வருவோம். சுழியோட வருகிறவர்களுக்கு ஸ்கூபா சிலிண்டர் நிரப்பிக் கொடுக்கும் இடங்கள் அங்கே உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் எங்கள் கரைக்கு அப்பால் 50 மீற்றருக்கு மேல் ஆழத்தில் கிடக்கிறது. அதைப் பார்க்க வெளிநாட்டார் வருவார்கள். அவர்களுக்காக ஓடும் பெரிய கொம்பிரசரில் எங்கள் 12 லீற்றர் சிலிண்டரையும் நிரப்பிக்கொண்டு வந்து, அதிலிருந்து ரைபிள்களுக்கு மாற்றுவோம். சித்திரை முதல் புரட்டாதி வரை கவலை இல்லை. வாடைக் காற்று தொடங்கிக் கடல் கலங்கியதும் சுழியோட்டம் நின்றுவிடும். பிறகு நாலைந்து மாதம் அந்தப் பக்கம் போய் வேலை இல்லை.

மாரியில் கைப்பம்புதான். 150 பாருக்கு மேலே ஒவ்வொரு அடிக்கும் உடம்பு முழுவதையும் கைபிடியில் போட வேண்டும். பதினான்கு வயதுப் பிள்ளையால் அது முடியாது, நான்தான் அடிப்பேன். ஒருநாள் மூத்த மாணவன் ஒருவன் தானே அடித்து நிரப்பிவிட்டு நேராகச் சுடும் இடத்துக்குப் போனான். கை நடுக்கம் அடங்க இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இந்த விளையாட்டில் பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீற்றர் அகலமான ஒரு வெள்ளைப் பொட்டு. நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும்போது அதைக் குறிபார்க்க முடியாது.

அதனால்தான் பெற்றோர் சிலரும் நானும் காசு சேர்த்து இந்த மெஷினை வாங்கினோம். பால்மா ரின் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவு. 12 வோல்ற் பற்றறியில் ஓடும். வேண்டிய அழுத்தத்தை அதில் போட்டால் அங்கே வந்ததும் தானே நிற்கும். 100 பாரில் இருக்கும் ரைபிளை 200க்குக் கொண்டுவர நாலு நிமிடம். முதல் நாள் பிள்ளைகள் சுற்றி நின்று அழுத்தம் காட்டும் கேஜ் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கரண்ட் இல்லாத நாளிலும் பழக்கம் நிற்கவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

மார்கழி நடுவில் ஒரு ரைபிளில் குண்டுகள் மேலும் கீழுமாக விழத் தொடங்கின. சுடுகிறவரை மாற்றிப் பார்த்தோம், பெலட்டை (ஈயக் குண்டை) மாற்றிப் பார்த்தோம், மாறவில்லை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, அனுபவமுள்ள ஒருவரிடம் கொடுத்துக் கழற்றினோம். சிலிண்டரின் வாயில் வெள்ளை மாவு படிந்திருந்தது. வால்வின் பித்தளையில் பச்சை. சிலிண்டரைக் கவிழ்த்துத் தட்டியபோது என் உள்ளங்கையில் மூன்று சொட்டு நீர் விழுந்தது. மெஷினோடு வந்த வடிகட்டியைத்தான் நாங்கள் பயன்படுத்தினோம். விற்றவர் "அதுவே போதும், நீர் போகாது" என்று உறுதியாகச் சொல்லியிருந்தார். இப்போது கேட்டால் பதில் இல்லை.

இந்த மெஷினை நான் விடப்போவதில்லை. ஆனால் எங்கள் ஊர் மாரிக் காற்றை நீர் இல்லாமல் எப்படி அடைப்பது? அதற்கு உங்கள் யோசனை வேண்டும்.


அக்கரைப்பற்று_முச்சக்கரம்

அண்ணன், நல்ல பதிவு. எனக்கு முதலில் பற்றறி பற்றித்தான் சந்தேகம். நான் முச்சக்கர வண்டி ஓட்டுகிறேன், தம்பி ஒருவன் எயார் ரைபிள் பழகுகிறான். இந்த மெஷினை என் வண்டி பற்றறியில் கொடுத்து ஓட்டலாமா? மோட்டார் சைக்கிள் பற்றறி தாங்குமா? சிகரெட் லைற்றர் துவாரத்தில் செருகினால் போதும் என்று ஒரு காணொளியில் பார்த்தேன்.


வாவிக்கரை

தம்பி, அந்தத் துவாரத்தில் செருக வேண்டாம். எங்கள் மெஷின் 200 பாரை நெருங்கும்போது 25 அம்பியர் வரை இழுக்கிறது. வாகனத்தில் அந்தத் துவாரத்துக்கு 10 அல்லது 15 அம்பியர் பியூஸ்தான் இருக்கும். பியூஸ் போனால் பரவாயில்லை, வயர் சூடாகி உருகினால்தான் ஆபத்து.

மோட்டார் சைக்கிள் பற்றறி 5 அம்பியர் மணி அளவு. அதிலிருந்து 25 அம்பியர் இழுத்தால் ஒரு நிமிடத்திலேயே வோல்ற் விழுந்து மெஷின் திணறும். உங்கள் வண்டி பற்றறி நல்ல நிலையில் இருந்தால் ஒரு நிரப்பல் செய்யலாம், ஆனால் இஞ்சினை ஓடவிட்டுச் செய்யுங்கள். ஸ்ரார்ட் எடுக்கும் பற்றறிகளை அடிவரை இறக்கினால் கெதியாகச் செத்துவிடும்.

நாங்கள் லித்தியம் இரும்புப் பொஸ்பேற் வகைப் பற்றறி வாங்கினோம். 12.8 வோல்ற், 20 அம்பியர் மணி. நாலு நிமிடத்துக்கு 25 அம்பியர் என்றால் ஒரு நிரப்பலுக்கு ஏறக்குறைய 1.7 அம்பியர் மணி போகும். பத்து நிரப்பல் தாராளம். அதைக் கூரையில் வைத்த சின்னச் சூரியத் தகட்டால் ஏற்றுகிறோம்.

இன்னொன்று, வயர். அதை யாரும் கவனிப்பதில்லை. 3 மீற்றர் நீளத்தில் 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டிருந்தேன். போய்வரும் தூரம் 6 மீற்றர். அதிலேயே 1 வோல்ற் தின்றுபோனது. மெஷின் முனகிக்கொண்டே ஓடியது, சூடும் கூடியது. 6 சதுர மில்லிமீற்றர் வயரை ஒன்றரை மீற்றருக்கு வெட்டிப் போட்டதும் சத்தமே மாறிவிட்டது. பற்றறியை மெஷினுக்குப் பக்கத்தில் வையுங்கள். காற்றுக் குழாயை நீட்டலாம், மின் வயரை நீட்ட வேண்டாம். பற்றறிப் பக்கத்தில் 40 அம்பியர் பியூஸ் ஒன்றும் கட்டாயம் போடுங்கள்.


ஏறாவூரான்

ட்ரில் மெஷின் பற்றறியில் ஓடும் வகையும் வந்திருக்கிறதே, வயர் சிக்கலே இல்லை. அது எப்படி?


வாவிக்கரை

நண்பர் ஒருவரிடம் இருக்கிறது, பார்த்தேன். 18 வோல்ற், 5 அம்பியர் மணி என்றால் மொத்தம் 90 வாட் மணி. ஒரு நிரப்பலுக்கு 21, 22 வாட் மணி போகும். அப்படியானால் நாலு தடவைதான். ஒருவர் தன் ரைபிளுக்கு மட்டும் வைத்திருக்க நல்லது. கிளப்புக்குப் போதாது, இரண்டு பற்றறி மாற்றி மாற்றிப் போட வேண்டியிருக்கும்.


சுழியோடி_கல்குடா

வணக்கம் சேர். நான் பருவ காலத்தில் சுழியோட்டத்துக்கு ஆட்களைக் கூட்டிப் போகிறவன். உங்கள் 12 லீற்றர் சிலிண்டர் மாதிரிப் பெரியதையும் இந்தச் சின்ன மெஷினால் நிரப்பிவிடலாமே என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். தயவு செய்து முயல வேண்டாம். 12 லீற்றரை 200 பாருக்குக் கொண்டுவர 2,400 லீற்றர் காற்று வேண்டும். உங்கள் மெஷின் நாலு நிமிடத்தில் 20 லீற்றர் அடைக்கிறது என்று வைத்தால், 2,400 லீற்றருக்கு எட்டு மணித்தியாலம். பத்து நிமிடம் ஓடினால் ஆறவிட வேண்டிய மெஷின் அது. பிஸ்டன் றிங் அன்றைக்கே முடிந்துவிடும்.

எங்கள் பெரிய கொம்பிரசரில் காற்று மூன்று நாலு கட்டமாக அழுத்தப்படும். ஒவ்வொரு கட்டத்துக்கும் இடையில் குழாயில் சுற்றி ஆறி, நீர் பிரிந்து, கடைசியில் ஈரம் உறிஞ்சும் மணிகளும் கரியும் நிரப்பிய பெரிய வடிகட்டி வழியாக வரும். மனிதர் சுவாசிக்கிற காற்று என்பதால் அவ்வளவு கவனம். அதனால்தான் பருவ காலத்தில் உங்கள் ரைபிள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் மெஷினின் வடிகட்டி பெருவிரல் அளவு. அதில் பஞ்சுத் துண்டு ஒன்று இருக்கும், அவ்வளவுதான்.

என் யோசனை: புரட்டாதி முடிய முன்னர் இரண்டு சிலிண்டர் நிரப்பி வைத்துக்கொள்ளுங்கள். நல்ல வால்வு என்றால் மாதக் கணக்கில் காற்று குறையாது.


வாவிக்கரை

உங்கள் கணக்கு சரி. இரண்டாவது சிலிண்டருக்கு இப்போதைக்குக் காசு இல்லை. இருக்கிற ஒன்றையே மாரிக்குப் பத்திரப்படுத்தலாம் என்று நினைக்கிறேன்.

ரைபிளின் சிலிண்டர் 0.2 லீற்றர். 100லிருந்து 200க்கு நிரப்ப 20 லீற்றர் போகிறது. பெரிய சிலிண்டரில் ஒவ்வொரு தடவையும் 1.7 பார் அளவு குறையும். இருபது தடவை நிரப்பினால் 200 பார் என்று இருந்தது 166க்கு வந்துவிடும். அதனால் பலர் "சிலிண்டர் முடிந்துபோயிற்று" என்று திரும்ப நிரப்பக் கொண்டு ஓடுகிறார்கள். அது முடிந்துபோகவில்லை. எங்கள் வகை ரைபிள்களுக்குள் அழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேற்றர் இருக்கிறது. அது தன் அளவுக்கு இறக்கித்தான் வால்வுக்குக் கொடுக்கும். 160 பார் நிரப்பினாலும் குண்டின் வேகம் அதேதான், எண்ணிக்கைதான் குறையும். அறுபது குண்டுப் போட்டி ஒன்றுக்கும் பழகுகிற குண்டுகளுக்கும் 160 தாராளமாகப் போதும். பிள்ளைகளிடம் இதை விளங்கப்படுத்தி, 200ஐத் தொட வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டோம். மெஷினுக்கும் அதுவே நல்லது. அதற்குக் கடினமான வேலை கடைசி 40 பார்தான்.


பத்தாம்புள்ளி

சேர், நான் உங்கள் கிளப் இல்லை, கல்முனைப் பக்கம். மூன்று வருடமாகச் சுடுகிறேன். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் தெஹானி எகொடவெல 10 மீற்றர் எயார் ரைபிளில் எங்கள் நாட்டுக்காக நின்றதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த ஆசை வந்தது.

நீர் புகுந்த ரைபிளோடு ஒரு வருடம் போராடினேன், அதனால் எழுதுகிறேன். சுடுகிறவருக்கு அது எப்படித் தெரியும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு முதலில் தெரிந்தது சத்தம். ஒரே மாதிரி "டப்" என்று வர வேண்டியது, சில தடவை மந்தமாக வந்தது. அப்புறம் பலகையில் குண்டுகள் நெடுக்காக விரிந்தன, பக்கவாட்டில் விரியவில்லை. பிடியில் பிழை என்றால் எல்லாப் பக்கமும் போகும். வேகம் மாறினால் மேலும் கீழும்தான் போகும். என் பயிற்றுனர் மூச்சில் பிழை என்று சொல்லிச் சொல்லி, நான் மூச்சுப் பயிற்சியே ஆறு மாதம் செய்தேன். பிள்ளைகளின் இலக்குத் தாள்களை எறியாமல் வைத்திருங்கள் சேர். திகதி போட்டு அடுக்கி வைத்தால் எந்த வாரத்தில் நெடுக்காக விரியத் தொடங்கியது என்று பிடித்துவிடலாம்.

இன்னொன்று. சிலிண்டரில் பொறித்திருக்கும் உற்பத்தித் திகதியையும் பாருங்கள். பெரும்பாலான போட்டி ரைபிள் சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் 10 வருடம்தான் கொடுப்பார்கள். காலம் கடந்த சிலிண்டரோடு சர்வதேசப் போட்டியில் நிற்க முடியாது. அதைப் பார்க்க வேண்டியது சுடுகிறவரின் பொறுப்பு.


வாவிக்கரை

தங்கச்சி, இலக்குத் தாள் யோசனைக்கு நன்றி. எங்கள் பழைய தாள்கள் ஒரு பெட்டியில் கிடந்தன, இன்று மாலை எடுத்துப் பார்த்தேன். கார்த்திகை மூன்றாவது வாரத்திலேயே தொடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளையிடம் "விசையை இழுக்கிறாய்" என்று நான் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாளைக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன். சிலிண்டர் மூன்றிலும் திகதி பார்த்தேன், ஒன்றுக்கு இன்னும் பதினான்கு மாதம்தான் இருக்கிறது.


குளிரூட்டி_சாய்ந்தமருது

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் பிரிட்ஜ், ஏசி திருத்துகிறவன். ரைபிள் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஈரம் என் தொழில். ஏசியின் குழாய்க்குள் ஒரு சொட்டு நீர் இருந்தாலும் எங்களுக்குத் தூக்கம் இல்லை. அதனால் சேரின் கேள்விக்குப் பதில் சொல்ல முயல்கிறேன்.

மாரியில் எங்கள் கரையோரக் காற்றில் 1 கன மீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் நீராவி இருக்கும். நீங்கள் ஒரு நிரப்பலுக்கு 20 லீற்றர் காற்று எடுக்கிறீர்கள். அதில் நீர் 0.4 கிராமுக்கு மேல். பார்க்கச் சின்னது. ஆனால் அந்த 20 லீற்றரை 200 மடங்கு இறுக்கும்போது அது 100 மில்லிலீற்றர் இடத்துக்குள் வந்துவிடுகிறது. அந்தச் சின்ன இடத்தில் நீராவியாக நிற்கக்கூடியது சில மில்லிகிராம்தான். மிச்சம் எல்லாம் நீராக மாறியே தீரும். பத்து நிரப்பலுக்கு 4 கிராம், ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு. வாரம் ஆறு நிரப்பல் என்றால் மூன்று மாதத்தில் 30 கிராம் கிட்ட உங்கள் மெஷின் வழியாக வந்திருக்கிறது. அதில் எவ்வளவு வடிகட்டியில் நின்றது, எவ்வளவு ரைபிளுக்குள் போனது என்பதுதான் கேள்வி.

இப்போது முக்கியமான இடம். மெஷினை விட்டு வரும்போது காற்று கொதிக்கும் சூட்டில் வரும். சூடான காற்று நீரை ஆவியாகவே சுமந்துகொண்டு வடிகட்டியைத் தாண்டிப் போய்விடும். பஞ்சு பிடிப்பது நீர்த் துளியைத்தான், ஆவியை அல்ல. பிறகு அந்தக் காற்று ரைபிள் சிலிண்டருக்குள் போய் ஆறுகிறது. ஆறும் இடத்தில்தான் நீர் பிரியும். உங்கள் ரைபிள்தான் இதுவரை நீர் பிரிக்கும் பாத்திரமாக இருந்திருக்கிறது, சேர்.

ஆகவே ஒரே விதி: காற்று போகும் வழியில் மிகக் குளிரான இடம் வடிகட்டியாக இருக்க வேண்டும், ரைபிளாக இருக்கக் கூடாது. வடிகட்டியை ஒரு சின்ன வாளியில் ஐஸ் தண்ணீருக்குள் நிற்க வையுங்கள், நட்டுக்குக் கீழே வரைக்கும். நீர் அங்கேயே பிரிந்து அடியில் இறங்கும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை மெஷினை நிறுத்தி, அடியில் உள்ள திருகை மெதுவாகத் திறந்து நீரை ஊதவிடுங்கள். அதற்குப் பிறகு இன்னொரு வடிகட்டி, அதில் மொலிகியூலர் சீவ் மணிகள். மிச்ச ஈரத்தை அது குடிக்கும். சிலிக்கா ஜெல்லும் ஆகும், ஆனால் நீர்த் துளி பட்டால் உடைந்து தூளாகும். தூள் ரைபிளுக்குள் போகாமல் கடைசியில் ஒரு வடிகட்டித் துணி வேண்டும்.

குழாயைச் சுருட்டி நீங்களே வெல்ட் பண்ணிக் குளிரூட்டி செய்ய நினைக்க வேண்டாம். 200 பார் என்றால் ஒரு சதுர சென்ரிமீற்றரில் 200 கிலோ நிற்கிறது. அந்த அழுத்தத்துக்கு என்று செய்து, அதன் அளவு பொறிக்கப்பட்ட பொருத்துகளை மட்டும் வாங்குங்கள்.


வாவிக்கரை

காக்கா (அண்ணன்), இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். மூன்று மாதமாக வடிகட்டியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், சூட்டைப் பற்றி நினைக்கவே இல்லை. நிரப்பும்போது கேஜில் 200 காட்டி, அரை மணித்தியாலத்தில் 190க்கு இறங்குவதைத் தினமும் பார்த்தேன். கசிவு என்று ஓ-றிங்கை (காற்றுக் கசியாமல் அடைக்கும் றபர் வளையம்) எல்லாம் மாற்றினேன். சூடு ஆறியதால் இறங்கியது அது. ஆறியது ரைபிளுக்குள் என்றால் நீர் பிரிந்ததும் அங்கேதான்.

அப்படியானால் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் நிரப்பினால் நீர் குறைவாக இருக்குமா?


குளிரூட்டி_சாய்ந்தமருது

குறையும். கச்சான் வீசும்போது மத்தியானத்தில் காற்று நன்றாகக் காய்ந்திருக்கும், ஈரச் சாமான் அரை மணித்தியாலத்தில் உலர்ந்துவிடும் அல்லவா. ஆனால் இல்லாமல் போகாது. இரவில் வாவிப் பக்கம் நின்று நிரப்பினால் மாரி மாதிரித்தான். வசதி இருந்தால் ஏசி போட்ட அறைக்குள் மெஷினை வைத்து ஓட்டுங்கள். ஏசி காற்றிலிருந்து நீரை எடுத்து வெளியே சொட்டவிடுகிறது. பாதி வேலை உங்களுக்கு முன்பே முடிந்துவிடும்.


புதியவன்_வாழைச்சேனை

எல்லாரும் இவ்வளவு கஷ்டப்படுகிறீர்கள். வெல்டிங் கடையில் ஒட்சிசன் சிலிண்டர் 150 பாரில் நிற்கிறதே. அது காய்ந்த வாயு, ஈரமே இல்லை. ஒரு பொருத்துப் போட்டு அதிலிருந்து எடுத்தால் என்ன?


சுழியோடி_கல்குடா

தம்பி, வேண்டவே வேண்டாம். ரைபிளின் வால்வில் கிரீஸ் இருக்கும், றபர் இருக்கும். அழுத்தமான ஒட்சிசன் அவற்றில் பட்டால் நெருப்புப் பொறி இல்லாமலே தீப்பிடிக்கும். வால்வைத் திறந்த கணத்தில் அழுத்தத்தால் வரும் சூடே போதும். சிலிண்டர் வெடித்தால் அது இருப்பது உங்கள் கன்னத்துக்குப் பக்கத்தில். வெல்டிங் கடையில் ஒட்சிசன் ரெகுலேற்றரில் எண்ணெய்க் கையோடு தொட வேண்டாம் என்று முதலாளிமார் சத்தம் போடுவது அதனால்தான்.


வாவிக்கரை

தம்பி கேட்டது நல்லதாய்ப் போயிற்று. மனதில் இந்த யோசனை வந்தும் கேட்காமல் செய்து பார்க்கிறவர் இருக்கலாம். காற்றைத் தவிர வேறு எதையும் இந்த ரைபிள்களில் அடைக்கக் கூடாது. சாதாரண காற்றிலும்கூட இயந்திர எண்ணெயோ வாகனக் கிரீஸோ ஓ-றிங்கில் பூச வேண்டாம். அழுத்தம் ஏறும் வேகத்தில் அதுவும் பற்றிக்கொள்ளும். சிலிக்கன் கிரீஸ் மட்டும், அதுவும் விரலில் ஒட்டி மினுங்கும் அளவுக்கு. குழாயைக் கழற்ற முன்னர் காற்றை இறக்கும் திருகைத் திறந்து, கேஜ் முள் பூச்சியத்தில் படுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கழற்றுங்கள். எங்கள் கிளப்பில் நிரப்புகிறவர் கண்ணாடி போட வேண்டும், பிள்ளைகள் மூன்று மீற்றருக்கு அப்பால். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.


தம்பிலுவில்_வயல்

ஐயா, இந்த மெஷினும் ரைபிளும் இருந்தால் தோட்டத்துக்கு வரும் குரங்கையும் மயிலையும் விரட்டலாமா? எங்கள் சோளம் பாதி அவற்றுக்குத்தான் போகிறது.


வாவிக்கரை

உங்கள் நட்டம் எனக்கு விளங்குகிறது, எங்கள் ஊரிலும் அதே கதைதான். ஆனால் மயில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட பறவை. விளையாட்டுக்கு என்று அனுமதி பெற்ற ரைபிளை வேறு எதற்கும் வெளியே எடுக்க நான் வழி சொல்ல மாட்டேன். இவற்றின் குண்டு 4.5 மில்லிமீற்றர், 10 மீற்றரில் தாளைத் துளைக்கச் செய்யப்பட்டது. மிருகத்தைக் கொல்லாது, காயப்படுத்தி விடும். அது பற்றைக்குள் கிடந்து நாட்கணக்கில் வேதனைப்படும். பயிர்ச் சேதத்துக்கு வனசீவராசிகள் அலுவலகத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் பேசுங்கள். இந்த இழையை இலக்குச் சுடுதலோடு வைத்துக்கொள்வோம்.


அக்கரைப்பற்று_முச்சக்கரம்

அண்ணன், நான் 6 மில்லிமீற்றர் வயர் போட்டு, வண்டி இஞ்சினை ஓடவிட்டு இன்று ஒரு தடவை நிரப்பினேன். 110லிருந்து 160க்கு இரண்டு நிமிடம் கொஞ்சம். மெஷினின் தலை 62 பாகை காட்டியது. அடுத்தது நிரப்ப எவ்வளவு நேரம் ஆறவிட வேண்டும்?


வாவிக்கரை

எங்கள் மெஷின் 75 பாகையில் தானே நிற்கும். நாங்கள் 65ஐத் தாண்டவிடுவதில்லை. நிறுத்திய பிறகும் மின்விசிறியை ஓடவிட்டு, 40க்குக் கீழே வந்ததும் அடுத்தது. பத்துப் பதினைந்து நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் பிள்ளைகள் நின்று குறிபிடிக்கப் பழகுவார்கள், குண்டு இல்லாமல். மெஷினை நிலத்தில் நேரே வைக்காமல் பழைய ரயர் துண்டில் வையுங்கள், அதிர்வு குறையும், புழுதியும் இழுக்காது.


வாவிக்கரை (ஐந்து வாரத்துக்குப் பிறகு)

சாய்ந்தமருதுக் காக்கா சொன்னபடி செய்து பார்த்தோம். முடிவை எழுதாமல் விட்டால் சரியில்லை.

முதல் வடிகட்டியை ஐஸ் தண்ணீர் வாளியில் நிறுத்தினோம். ஐஸ் பக்கத்து மீன் வாடியிலிருந்து, ஒரு நாளைக்கு இரண்டு கட்டி. இரண்டாவது வடிகட்டியில் மொலிகியூலர் சீவ் மணிகள். ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை மூத்த மாணவி மணிக்கூட்டைப் பார்த்து "நிறுத்துங்கள்" என்பாள், மெஷினை நிறுத்தி நீரை ஊதுவோம். ஊதும் காற்றை ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதற்குள் விட்டோம். போத்தலையும் பஞ்சையும் முன்னும் பின்னும் நகைக்கடைத் தராசில் நிறுத்தோம். மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில் எட்டு நிரப்பல். பஞ்சில் நின்றது 3.1 கிராம். ஒரு நிரப்பலுக்கு 20 லீற்றர் என்ற காக்காவின் கணக்குப்படி 3.2 கிராமுக்கு மேல் வந்திருக்க வேண்டும். கொஞ்சம் ஆவியாகப் போயிருக்கும், இரண்டாவது வடிகட்டியும் கொஞ்சம் குடித்திருக்கும். வடிகட்டி இல்லாத ரைபிளாக இருந்தால் அந்த நீர் எல்லாம் அதற்குள்தான் கிடந்திருக்கும்.

ஐஸ் வாளிக்கு முன்னர் ஒரு நாள், வேண்டுமென்றே வாளி இல்லாமல் அதே மாதிரி எட்டு நிரப்பல் செய்து எடை பார்த்தோம். முதல் வடிகட்டியில் பிடிபட்டது 1.2 கிராம் மட்டும்.

மணிகளை மாதம் ஒரு தடவை மாற்றுகிறோம். பழைய பஞ்சுத் துண்டையும் எடுத்துப் பார்த்தேன், மஞ்சளாகி எண்ணெய் வாடை அடித்தது. அதையும் இனிமேல் இருபது நிரப்பலுக்கு ஒரு தடவை மாற்றுவது என்று பலகையில் எழுதிவிட்டோம்.

பழுதான ரைபிளின் வால்வையும் ரெகுலேற்றரின் ஓ-றிங்குகளையும் மாற்றினோம். போன சனிக்கிழமை அதை மறுபடியும் காற்று இறக்கிக் கழற்றினோம், ஐந்து வாரப் பழக்கத்துக்குப் பிறகு. வெள்ளைத் துணியைக் கம்பியில் சுற்றிச் சிலிண்டருக்குள் விட்டு எடுத்தேன். துணி காய்ந்தே வந்தது. "விசையை இழுக்கிறாய்" என்று நான் குறை சொன்ன பிள்ளையிடம் அந்தத் துணியைக் கொடுத்தேன். அவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு ரைபிளைத் திரும்பப் பூட்டி 160க்கு நிரப்பி அவளிடமே கொடுத்தோம். அன்று சுட்ட அறுபது குண்டில் நெடுக்காக ஓடிய குண்டு ஒன்றும் இல்லை.

மற்ற இரண்டு ரைபிளையும் அடுத்த வாரம் திறந்து பார்க்கிறோம். உள்ளே என்ன இருந்தாலும் படம் எடுத்து இங்கே போடுகிறேன்.